நலவாழ்வு அறை

ஜெலுத்தோங், பினாங்கு
9 பிப்ரவரி 2025

அன்புள்ள ராகினி,

நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கோலாலம்பூரில் உன் அறைத்தோழி இன்னும் உன் ஷாம்பூவைத் திருடுகிறாளா? இங்கே அத்தா, அம்மா, நான் எல்லாரும் சுகம்.

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஆபீஸில் எல்லாருடைய போனிலும் ஒரு செயலியை ஏற்றிவிட்டார்கள். அது எதையெல்லாம் பார்க்கும் என்று கேட்டால் ஐ.டி. ஆள் சிரிக்கிறான். அதனால் ஆபீஸ் கதையைப் போனில் எழுதக் கை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் நீ, உனக்குத் தெரியும், நான் நேரில் பேசுவது குறைவு. காகிதம் கிடைத்தால்தான் எனக்கு வாய் திறக்கும்.

அந்தச் செயலியில் தினமும் காலையில் ஐந்து முகங்களில் ஒன்றைத் தொட்ட பிறகுதான் வேலைக்குள் நுழைய முடியும். சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரை. அழுகிற முகத்தைத் தொட்டால் 'தண்ணீர் குடியுங்கள்' என்று செய்தி வரும். தொடர்ந்து அழுதால் மேலே கூப்பிடுவார்கள். ஆகவே எங்கள் தளத்தில் அத்தனை பேரும் சிரிக்கிற முகங்கள்தான். சிரித்த முகத்தைத் தொட்டுவிட்டு நாலு பேர் போன வாரம் ராஜினாமா செய்தார்கள்.

இனி என் செய்தி. என்னைப் போன் எடுக்கும் மேசையிலிருந்து நலவாழ்வு அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஆட்கள் நிற்காமல் ஓடுகிறார்கள் என்று தலைமையகம் திட்டியதாம். சம்பளத்தைத் தொடாமல் என்ன செய்யலாம் என்று யோசித்து இந்த அறையைத் திறந்திருக்கிறார்கள். முன்பு உடைந்த நாற்காலிகளைப் போட்டுவைத்த ஸ்டோர். சன்னல் கிடையாது. சுவருக்கு மஞ்சள் பூசி, இரண்டு பீன்பேக் போட்டு, லாவெண்டர் வாசனை பீய்ச்சும் ஒரு டப்பாவை மூலையில் மாட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு அந்த பீன்பேக்கில் புதைகிறார்கள். மதியத்துக்குள் லாவெண்டரும் காலுறையும் கலந்து ஒரு வாடை வரும் பார், அதை நான் வீட்டுக்குத் துடோங் முக்காட்டில் சுமந்து வருகிறேன்.

மேனேஜர் புவனேஸ்வரன் சொன்னார்: "ஷாஹிரா, நீ பேச மாட்ட, கேட்டுக்கிட்டே இருப்ப. அதான் ஒன்ன போட்டேன் லா. ஒன்கிட்ட வந்து எல்லாரும் கொட்டுவாங்க."

உண்மைதான், கொட்டுகிறார்கள். ஹெட்செட்டின் காது மெத்தையைப் பற்றித்தான் அதிகம் கொட்டுகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குப் புது ஹெட்செட் தருவதில்லை. வேலையை விட்டுப் போனவன் போட்டிருந்ததைத் துடைத்துத் தருவார்கள். அந்தக் கறுப்புப் பஞ்சு உதிர்ந்து காதுக்குள் ஒட்டும். யாருடைய எண்ணெயோ, யாருடைய வியர்வையோ. ஒருத்தியின் காதில் சீழ் வந்துவிட்டது. அவளுக்கு ஒரு ஆப்பிளும், 'நீங்கள் முக்கியமானவர்' என்று எழுதிய அட்டையும் கொடுத்தோம். கொடுத்தது நான்தான்.

வெள்ளிக்கிழமைகளில் நன்றி வட்டம் நடக்கிறது. எல்லாரும் வட்டமாக நின்று ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். சொன்னதும் மற்றவர்கள் கைதட்ட வேண்டும். ஒருவர் "ஏர்கான் வேலை செய்யுது, நன்றி" என்றார். கைதட்டினோம்.

ஆயர் ஈத்தாம் பாசாரில் உன் அம்மாவைப் பார்த்தேன். மீனைக் கையில் வைத்துக்கொண்டே, "பிள்ளை, ராகினி இப்ப எந்தக் கொம்பனியில நிக்கிறாள்? அவளின்ட ஐயா கேட்டா சொல்ல ஒரு பேர் வேணும்" என்றார். எனக்கும் தெரியாது. எழுது.

உன்
ஷாஹி


கோலாலம்பூர்
21 பிப்ரவரி 2025

என் ஊமைக் கிளியே,

கடிதமாம் கடிதம்! தபால் பெட்டியின் சாவி எங்கே என்று தேடுவதற்கே இரண்டு நாள் ஆனது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், படித்துச் சிரித்ததில் எனக்கு வயிறு வலித்தது. காது மெத்தைப் பகுதியை இங்கே ஆபீஸில் சத்தமாக வாசித்தேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஐயாத்துரை அவர்களின் மகள் இப்போது நிற்பது ஆறாவது கம்பெனியில். அப்பாவிடம் பேரைச் சொன்னாலும் அவருக்குப் புரியாது. ஒரே அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தே பென்ஷன் வாங்கிய மனிதர் அவர். என்னுடையது ஆள் நகர்த்தும் வேலை. ஓரிடத்தில் வாடிக்கொண்டிருப்பவரைக் கண்டுபிடித்து, வேறு கம்பெனியில் உட்காரவைத்தால் எனக்குக் கமிஷன். மூன்று மாதம் அவர் அங்கே தாங்கினால் மிச்சக் கமிஷன். பிறகு அங்கேயும் வாடினால் இன்னொரு இடம், இன்னொரு கமிஷன். ஓடி ஓடிப் பழகியவளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா, கேட்டியோ?

நீ ஏன் அந்தச் சன்னலில்லாத அறையில் கிடக்கிறாய்? உனக்கு முதுகு தடவி விடுகிறார்கள், சம்பளம் அப்படியே நிற்கிறது. அது வெறும் ஏமாற்று. நான் யாருக்கும் முதுகு தடவுவதில்லை. கூடுதல் சம்பளம் வாங்கித் தருகிறேன், நானும் எடுத்துக்கொள்கிறேன்.

நிறைய எழுது. யார் அழுகிறார்கள், யார் ஓடப் போகிறார்கள், எல்லாம் எழுது. இங்கே என் பொழுது உன் கடிதத்தில்தான் போகிறது.

ராகினி


ஜெலுத்தோங்
16 மார்ச் 2025

அன்புள்ள ராகினி,

உன் கடிதம் கிடைத்து மகிழ்ச்சி. ஒரே ஒரு வருத்தம்: என் கடிதங்களைச் சத்தமாக வாசிக்காதே. உன்னிடம் மட்டும்தான் இப்படி எழுத வருகிறது. நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தால் பேனா நின்றுவிடும்.

நோன்பு பாதி முடிந்துவிட்டது. அத்தா வேலை செய்யும் நசி கண்டார் சோற்றுக் கடையில் மாலையில் கூட்டம் தாங்கவில்லை, கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை வரை வரிசை நிற்கிறது. களைத்து வந்தாலும் என்னைப் பார்த்ததும், "ஏசியில ஒக்காந்து வேல பாக்குற புள்ள" என்று அம்மாவிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். எங்கள் வீட்டில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய முதல் ஆள் நான். நானே எப்படி அவரிடம் அந்த ஸ்டோர் ரூமைப் பற்றிச் சொல்வேன்?

ஆபீஸில் 'ரமலான் நலவாழ்வு' என்று ஒரு பேரீச்சம்பழப் பெட்டி கொடுத்தார்கள். ஏதோ ஒரு கம்பெனி போன வருஷம் புவனேஸ்வரனுக்கு அனுப்பியது. அந்தக் கம்பெனியின் பெயரை மறைத்து எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. திறந்தால் எறும்பு. புழுவும் இருந்தது, ஆனால் நோன்பு நேரத்தில் அதை எழுதினால் எனக்கே குமட்டும்.

இப்போது நான் சொல்லப்போவது உனக்கு மட்டும்.

காமாரியா என்று ஒரு அக்கா, தமிழ், மலாய், ஹொக்கியன், ஆங்கிலம் நான்கிலும் தண்ணீர் மாதிரிப் பேசுவார். கத்துகிற வாடிக்கையாளரை எல்லாரும் அவரிடம்தான் தள்ளுவார்கள். ஐந்து நிமிஷத்தில் அந்த ஆள் இவரிடம் மன்னிப்புக் கேட்டுப் போனை வைப்பான். நான் புதிதாகச் சேர்ந்தபோது, வாடிக்கையாளர் திட்டித் தீர்த்த ஒரு நாளில், அவர்தான் என் ஹெட்செட்டைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு மீதித் திட்டை வாங்கினார்.

போன வாரம் அவர் நலவாழ்வு அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வாசனை டப்பாவைப் பிடுங்கி வெளியே வைத்தார். பிறகு குப்பைக்கூடையில் வாந்தி எடுத்தார்.

"நோன்பு வாந்தின்னு நெனச்சுக்கிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். "நான் நோன்பே பிடிக்கல. மூணு மாசம்."

கல்யாணமாகி எட்டு வருஷத்துக்குப் பிறகு. சந்தோஷப்பட வேண்டிய மனுஷி, குப்பைக்கூடையைக் கட்டிக்கொண்டு நடுங்குகிறார். அவர் ஒப்பந்தத்தில் இருப்பவர், ஏப்ரல் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். தெரிந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். போன வருஷம் இன்னொருத்திக்கு அப்படித்தான் நடந்தது. "கையெழுத்துப் போட்டப்புறம் சொல்லிக்கிறேன். அதுவரைக்கும் நீ, நான், என் வீட்டுக்காரர் மூணு பேருதான்" என்றார். வீட்டுக்காரருக்கும் நிலையான வேலை இல்லை.

புவனேஸ்வரன் வெள்ளிக்கிழமை கேட்டார்: "யாரு டல்லா இருக்காங்க? சொன்னா நாம ஹெல்ப் பண்ணலாம் லா." யாருமில்லை என்றேன். இந்த ஆபீஸில் நான் உருப்படியாகச் செய்த ஒரே வேலை அந்தப் பொய்தான்.

கூடையை நானே கழுவினேன். அருவருப்பாக இல்லை. அந்த லாவெண்டர்தான் அருவருப்பு.

உன்
ஷாஹி


கோலாலம்பூர்
26 மார்ச் 2025

ஷாஹி,

பெருநாள் வாழ்த்துகள், முன்கூட்டியே. என் பங்கு பிரியாணியை உன் அத்தாவிடம் சொல்லி எடுத்து வை.

சத்தமாக வாசிக்க மாட்டேன், போதுமா? கோபிக்காதே.

நாலு மொழி பேசுகிற ஒருத்தி ஒப்பந்தத்துக்காக நடுங்கிக்கொண்டிருக்கிறாளா? அவளைப் போன்றவர்களுக்கு இங்கே என்ன விலை தெரியுமா? உங்கள் ஊரில் யாருக்கும் தன் விலை தெரியவில்லை, அதுதான் உங்கள் நோய். உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இந்த மாதம் இங்கே நெருக்கடி. பிறகு நீளமாக எழுதுகிறேன்.

ராகினி


ஜெலுத்தோங்
20 ஏப்ரல் 2025

ராகினி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்கு மட்டும் பதில் எழுது.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காமாரியா அக்காவுக்கு ஒரு போன் வந்தது. பேசி முடித்ததும் நேராகப் புவனேஸ்வரன் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம்.

"சார், நான் மாசமா இருக்கறத நீங்க எதுக்கு வெளிய வித்தீங்க?"

புவனேஸ்வரன் ஐஸ் போட்ட செண்டோல் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார். கரண்டி வாயிலேயே நின்றது. "நீ மாசமா இருக்கியா?" என்றார்.

அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது என்று அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் வெளுத்ததைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து நான் பார்த்தேன். புவனேஸ்வரன் எழுந்து, கையைத் துடைக்காமலேயே நீட்டி, "தாஹ்னியா! குட் நியூஸ் லா!" என்று குலுக்கினார். அக்கா கையில் செண்டோல் ஒட்டிக்கொண்டது.

அடுத்து அவர் வந்தது என்னிடம். கதவைச் சாத்திவிட்டு மண்டியிட்டு பீன்பேக்கைப் புரட்ட ஆரம்பித்தார்.

"என்னக்கா தேடுறீங்க?"

"மைக்கு. இந்த ரூம்ல எங்கேயோ வச்சிருக்கானுங்க. நான் ஒன்னத் தவிர யாருகிட்டயும் வாயத் தொறக்கல. நீ சொல்ல மாட்ட. அப்ப ரூமுதானே கேட்டிருக்கணும்? அந்த ஆளுக்குத் தெரியாட்டி மேல உள்ளவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

நானும் மண்டியிட்டேன். இரண்டு பேரும் பீன்பேக்குக்கு அடியில் கையை விட்டுத் துழாவினோம். ஒரு ஒற்றைக் காலுறை, பிசுபிசுத்த பிஸ்கட், யாருடையதோ நகத்துண்டுகள். துழாவிக்கொண்டே அக்கா அந்தப் போனைப் பற்றிச் சொன்னார்.

"கோலாலம்பூர்லேருந்து ஒரு பொண்ணு. தமிழ்லதான் பேசுச்சு. 'ஒங்க நெலமைக்கு ஏத்த எடம் இருக்கு, பிள்ளப்பேறு லீவு குடுக்குற கம்பெனி, அங்க ரினியூ பண்ண மாட்டாங்க, அதுக்கு முந்தி வந்துருங்க'ன்னுச்சு. ஒவ்வொரு பேச்சுக்கும் 'கேட்டீங்களோ, கேட்டீங்களோ'ன்னுச்சு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நம்ம வயித்துல உள்ளது கேஎல்ல எப்படித் தெரியும்?"

என் கை பீன்பேக்குக்கு அடியில் அப்படியே நின்றுவிட்டது. அந்தக் 'கேட்டியோ'வை உன் வாயில் நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். அக்கா கவனிக்கவில்லை. அவர் சுவரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார். நானும் எழுந்து, பேசாமல், அவரோடு சேர்ந்து சுவரைத் தட்டினேன்.

வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டார்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது, தலைமையக முடிவாம், கர்ப்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையாம். அன்றைக்கே நன்றி வட்டத்தில் அவருக்குக் கேக் வெட்டினார்கள். யாருக்கோ வாங்கிய பிறந்தநாள் கேக். பெயரைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள், நீலக் கிரீம் அழுக்காகப் பரவியிருந்தது. அக்கா வெட்டினார். நாங்கள் தின்றோம். நானும் தின்றேன்.

ராகினி, அந்தப் போன் பண்ணியது நீயா?

ஷாஹிரா


கோலாலம்பூர்
30 ஏப்ரல் 2025

ஷாஹி,

நான்தான். ஒளிக்க என்ன இருக்கிறது?

கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பெயரையும் கம்பெனியையும் போட்டுத் தேடினால் யாருடைய நம்பரும் கிடைக்கும், தினமும் ஐம்பது பேரைக் கூப்பிடுகிறேன். அதில் ஒருத்திக்கு உண்மையிலேயே உதவி தேவை என்று உன் கடிதத்தில் தெரிந்தது. நல்ல இடமாகவும் பேசி வைத்திருந்தேன். உன் பெயரை நான் சொல்லவே இல்லை. அவள் அப்படி ஓடிப்போய் மேனேஜரிடம் கத்துவாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நிதானமாக 'யோசித்துச் சொல்கிறேன்' என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அவள் கையில் வேலை இருந்திருக்கும்.

இப்போது அந்தக் கம்பெனியும் தயங்குகிறது. பிள்ளைப்பேறு லீவு ஒரு வருஷம் வேலை செய்தவர்களுக்குத்தானாம், அதை என்னிடம் முன்பே தெளிவாகச் சொல்லவில்லை. பிள்ளை பிறந்த பிறகு கூப்பிடச் சொல். கட்டாயம் பார்க்கிறேன்.

நீ என்னைத் திட்டுவதற்கு முன் ஒன்று யோசி. அவளை வெளியே அனுப்பியது யார்? நானா, கேக் வெட்டியவர்களா? கோபத்தை என்மேல் காட்டுவது உனக்குச் சுலபம், ஏனென்றால் அவர்களிடம் உனக்கு வாய் வராது.

சரி, விடு. உனக்கொரு நல்ல செய்தி. இங்கே ஒரு பெரிய கம்பெனி நலவாழ்வு அதிகாரி தேடுகிறது. உன்னைப் பற்றிச் சொன்னேன், ஆட்கள் அவளிடம் தானாக மனம் திறப்பார்கள் என்று. அவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சம்பளம் இப்போது வாங்குவதைவிட எழுநூறு வெள்ளி அதிகம். கேஎல்லுக்கு வந்துவிடு, என்னோடு இருக்கலாம். பழையபடி இரண்டு பேரும் ஒரே அறை.

சீக்கிரம் பதில் போடு.

உன் ராகினி


ஜெலுத்தோங்
25 மே 2025

ராகினி,

உன் கடிதம் கிடைத்தது. பதிலுக்கு இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது. செய்ய வேண்டியவற்றைச் செய்துவிட்டு எழுத நினைத்தேன்.

முதலில் ஆயர் ஈத்தாமில் காமாரியா அக்கா இருக்கும் ஃபிளாட்டுக்குப் போனேன். இரும்புக் கதவைத் திறந்து, "வா வா, சாப்டியா?" என்றார். நான் உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று சொன்னேன். அறையில் மைக் இல்லை, நான்தான், என் தோழிக்குக் கடிதத்தில் எழுதினேன் என்றேன்.

அவர் திட்டவில்லை. இரும்புக் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு நீயும் என்கூட மண்டி போட்டுத் தேடுனியே."

"ஆமாக்கா."

"தெரிஞ்சுக்கிட்டேவா தேடுன?"

"பாதியில தெரிஞ்சுச்சுக்கா."

"ஏசுறதுக்குக்கூட மனசு வரல. கொமட்டுது," என்றார். வயிற்றில் உள்ள பிள்ளையால் வந்த குமட்டல் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். இரும்புக் கதவைச் சாத்தினார், சத்தமே வராமல்.

உன்னைக் குற்றம் சொல்வது சுலபம் என்று எழுதியிருந்தாய். சரிதான். அதனால் அதை மட்டும் செய்துவிட்டு நிற்கவில்லை. அக்கா வீட்டுக்குப் போன அதே வாரம், வெள்ளிக்கிழமை நன்றி வட்டத்தில் என் முறை வந்தது. எப்போதும் "எல்லாருக்கும் நன்றி" என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அன்றைக்குச் சத்தமாகச் சொன்னேன். 

"காமாரியா அக்கா என்னை நம்பிச் சொன்னத நான் வெளிய எழுதிட்டேன். மாசமா இருக்காங்கன்னு தெரிஞ்சதும் இவங்க அவங்கள வெளிய அனுப்பிட்டாங்க. இனிமே அந்த மஞ்ச ரூம்ல யாரும் எதுவும் சொல்லாதீங்க. என்கிட்டயும் சொல்லாதீங்க."

 பிறகு என்ன நடந்தது தெரியுமா? புவனேஸ்வரன் கைதட்டினார். பழக்கம். "ரொம்ப நேர்மையான ஷேரிங் லா, ஷாஹிரா," என்றார். அவர் தட்டியதும் மற்றவர்களும் தட்டினார்கள். காதில் சீழ் வந்த அந்தப் பெண் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அத்தனை கைகளின் சத்தத்துக்கு நடுவே எனக்கு அந்தப் பெண்ணின் கை மட்டும்தான் சுத்தமாகத் தெரிந்தது.

மறுநாளே ராஜினாமா எழுதிக் கொடுத்தேன். ஏன் போகிறேன் என்று கேட்டு ஒரு திரையை நீட்டினார்கள். அதிலும் அதே ஐந்து முகங்கள். எதையும் தொடாமல் வந்துவிட்டேன்.

அத்தாவிடம் சொல்லத்தான் பயந்தேன். கடையிலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். "ஏசி குளிரு ஒத்துக்கலயாம்மா?" என்றார். ஆமாம் அத்தா என்றேன். "வேற பாத்துக்கலாம்," என்றார், அவ்வளவுதான்.

இனி உனக்கும் எனக்கும்.

அக்காவைத் தேடிப் பிடித்தபோது உன் மனதில் உதவி இருந்தது என்கிறாய். இருந்திருக்கலாம். ஆனால் கமிஷனும் இருந்தது. இரண்டையும் ஒரே கையால் அள்ளினாய், எது எது என்று உனக்கே இப்போது தெரியாது. என்னைப் பற்றி அந்தக் கம்பெனியிடம் நீ சொன்னதைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. 'ஆட்கள் அவளிடம் தானாக மனம் திறப்பார்கள்.' புவனேஸ்வரனும் இதையே சொல்லித்தான் என்னை அந்த அறையில் உட்காரவைத்தார். அவர் முதுகு தடவுகிறவர், நீ தடவாதவள். ஆனால் இரண்டு பேருக்கும் என்னிடம் வேண்டியது ஒன்றே.

உனக்கு எழுதும்போது எனக்குச் சுகமாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். யாருமே கேட்காத என் பேச்சை நீ ஆவலாகக் கேட்டாய். அந்த ஆவலுக்காக மற்றவர்களின் கண்ணீரைப் பொறுக்கிப் பொறுக்கி உனக்கு அனுப்பினேன். இப்போது அதை நினைத்தால் வாயெல்லாம் கசக்கிறது.

அந்தக் கேஎல் வேலைக்கு நான் வரவில்லை. என் பெயரை எடுத்துவிடு. அக்காவுக்கும் இனிப் போன் பண்ணாதே, பிள்ளை பிறந்த பிறகும்.

எனக்கு வேறு வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த மாதம் சேர்கிறேன். எந்த இடம், என்ன வேலை, பக்கத்தில் உட்காரப் போவது யார் என்பதை உனக்கு எழுத மாட்டேன்.

ஷாஹிரா பிந்தி ஷேக் அலாவுதீன்